ஒழுங்கற்ற இரும்பு: உலோகக் கண்ணாடியின் வரலாறு

பெயரில் தொடங்கும் சிக்கல்

கண்ணாடி என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒளி ஊடுருவும் பொருள் ஒன்றே நம் மனத்தில் எழுகிறது. சன்னல் கண்ணாடி, மூக்குக்கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி என நம் அன்றாடப் பழக்கம் அச்சொல்லுக்கு அவ்வாறு பொருள் வகுத்திருக்கிறது. இவ்வுரையில் நாம் காணவிருக்கும் கண்ணாடியோ ஒளியைச் சிறிதும் ஊடுருவ விடாது. அது காந்தத்தால் ஈர்க்கப்படும், மின்சாரத்தைக் கடத்தும், தலைமுடியினும் மெல்லிய வெள்ளிநிற நாடாவாகத் தோன்றும். அதிலுள்ள அணுக்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இரும்பு. ஆயினும் அறிவியலார் அதனை உலோகக் கண்ணாடி என்றே வழங்குகின்றனர்.

அவ்வாறு வழங்குவதற்குக் காரணம் உண்டு. அறிவியலில் ஒரு பொருள் கண்ணாடியா அன்றா என்பதை அதன் தெளிவு முடிவு செய்வதில்லை. அதனுள் அணுக்கள் அமைந்திருக்கும் முறையே முடிவு செய்கிறது. உப்பு, சர்க்கரை, வைரம், நாம் பயன்படுத்தும் சாதாரண இரும்பு ஆகியவற்றில் அணுக்களோ மூலக்கூறுகளோ குறிப்பிட்ட ஓர் அமைப்பில் மீண்டும் மீண்டும் அடுக்கப்பட்டுள்ளன. இவை படிகங்கள். கண்ணாடியில் அத்தகைய நெடிய ஒழுங்கு இல்லை. நீர்மத்தில் இருந்த குழம்பிய நிலையிலேயே அணுக்கள் உறைந்து நிற்கின்றன. அதனால் இவ்வகைப் பொருள்களைப் படிக உருவற்ற திண்மங்கள் என்கிறோம்.

தமிழாசிரியர்கள் இவ்விடத்தில் ஒன்றைக் கருத வேண்டும். பளிங்கு என்ற பழஞ்சொல் இயற்கைப் படிகத்தையும் குறித்தது. பிற்கால வழக்கில் கண்ணாடியையும் சலவைக்கல்லையும் குறித்தது. கண்ணுக்குத் தெளிவாகவும் வழவழப்பாகவும் தோன்றியவற்றையெல்லாம் மொழி ஒரே பெயரில் அடக்கிக்கொண்டது. அஃது இயல்பே. ஆனால் அறிவியல் வகுப்பில் படிகமும் கண்ணாடியும் எதிரெதிர்ப் பொருள்கள். இவ்வேறுபாட்டை மாணவர் மனத்தில் நிறுத்திய பின்னரே உலோகக் கண்ணாடியின் வரலாற்றை விளக்க முடியும்.

ஒழுங்கைத் தேடிய காலம்

இவ்வரலாற்றின் வேர் மின்மாற்றியில் உள்ளது. 1885ஆம் ஆண்டில் புடாபெஸ்ட் நகரின் கான்ஸ் ஆலையைச் சேர்ந்த பொறியாளர் மூவர், மூடிய இரும்பு உள்ளகம் கொண்ட மின்மாற்றியை உருவாக்கினர். மறு ஆண்டில் அமெரிக்காவின் கிரேட் பாரிங்டன் ஊரில் வில்லியம் ஸ்டான்லி மாறுதிசை மின்சாரத்தை மின்மாற்றிகள் வழியே கடைகளுக்கு வழங்கிக் காட்டினார். அன்று முதல் இன்று வரை மின்மாற்றியின் அடிப்படை ஒன்றே. இரும்பு உள்ளகத்தைச் சுற்றி இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒன்றில் பாயும் மாறுமின்னோட்டம் உள்ளகத்தைக் காந்தமாக்கும். மாறிக்கொண்டேயிருக்கும் அக்காந்தப் புலம் மற்றொன்றில் மின்னழுத்தத்தைத் தூண்டும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் உள்ளகத்தின் காந்தமுனைகள் ஒரு முறை புரண்டு, மீண்டும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அவ்வாறு புரளும்போது இரும்பு எதிர்ப்புக் காட்டுகிறது. அதனை வெல்லச் செலவாகும் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. இது காந்தத் தயக்க இழப்பு. மேலும் மாறும் காந்தப் புலம் இரும்புக்குள்ளேயே சிறு சிறு சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. இவற்றாலும் இரும்பு சூடேறுகிறது. இவ்விரண்டும் சேர்ந்ததே உள்ளக இழப்பு.

இவ்விழப்பைக் குறைப்பதற்காக 1900ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் ராபர்ட் ஹாட்ஃபீல்டும் அவருடன் ஆய்ந்தோரும் இரும்பில் சிலிக்கனைக் கலந்தனர். சிலிக்கன் கலந்த எஃகின் மின்தடை உயர்ந்தது; சுழல் மின்னோட்டம் தணிந்தது. அடுத்த பெரிய மாற்றம் 1934இல் வந்தது. அமெரிக்கரான நார்மன் காஸ், உருட்டுதலையும் சூடேற்றுதலையும் முறையாக மாற்றி மாற்றிச் செய்து, எஃகுத் தகட்டிலுள்ள படிகமணிகள் பெரும்பாலும் ஒரே திசையை நோக்குமாறு செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இரும்புப் படிகம் சில திசைகளில் எளிதாகவும் சில திசைகளில் கடினமாகவும் காந்தமாகும். எளிய திசையைத் தகட்டின் நீளவாட்டில் அமைத்தால் இழப்பு குறையும் என்பதே அம்முறையின் உட்பொருள்.

ஆகவே இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதி முழுவதும் பொறியாளர்கள் இரும்பில் மேலும் மேலும் ஒழுங்கை வேண்டினர். நல்ல காந்தப் பொருள் என்றால் நன்கு அடுக்கப்பட்ட படிகம் என்பது ஐயத்திற்கு இடமற்ற உண்மையாகத் தோன்றியது. திண்ம உலோகம் யாவும் படிகமே என்பதும் பாடநூல்களில் உறுதியாக நின்ற கருத்து.

1960: ஒரு துளி உலோகம்

பள்ளியில் கூட்டத்திற்கான மணி அடித்ததும் திடலெங்கும் சிதறி நிற்கும் மாணவர்கள் வரிசைக்கு வருகின்றனர். அதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். மணி அடித்த கணத்திலேயே அனைவரும் நின்ற இடத்தில் அசையாது நிற்க வேண்டும் என ஆணையிட்டால் வரிசை உருவாகாது. உருகிய உலோகமும் அவ்வாறே. அது குளிரும்போது அணுக்கள் தமக்குரிய இடங்களைத் தேடிச் சென்று படிகமாக அமைகின்றன. தேடிச் செல்லும் நேரத்தைக் கொடாமல் குளிர்வித்தால் என்ன நேரும்?

உலோக அணுக்கள் மிக விரைந்து அடுக்கமைபவை. மணற்கண்ணாடிக்கு மூலமான சிலிக்கா உருகிய நிலையில் பிசின் போன்று தடித்து ஓடும். ஆதலால் அது மெதுவாகக் குளிர்ந்தாலும் கண்ணாடியாகும். உருகிய உலோகமோ ஏறத்தாழத் தண்ணீரைப் போல் எளிதாக ஓடும். எனவே உலோகத்தைக் கண்ணாடியாக்க நொடிக்குப் பத்து இலட்சம் பாகை என்ற அளவில் வெப்பத்தைப் பறிக்க வேண்டியிருந்தது.

இதனைச் செய்து காட்டியவர் கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் போல் டூவே. பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரில் 1907இல் பிறந்தவர். அவர் தேடியது கண்ணாடியை அன்று. செம்பும் வெள்ளியும் உருகிய நிலையில் நன்கு கலக்கின்றன, உறையும்போது பிரிந்துவிடுகின்றன. கோட்பாட்டின்படி அவை திண்ம நிலையிலும் எல்லா விகிதங்களிலும் கலந்திருக்கக் கூடியவை. பிரிவதற்கு நேரம் கொடாமல் உறையச் செய்தால் அவற்றைக் கலந்த நிலையிலேயே பெறலாம் என அவர் எண்ணினார். அதற்காக ஒரு கருவியை அமைத்தார். அழுத்தமூட்டிய வளிமம் எழுப்பும் அதிர்வலை, உருகிய உலோகத்தின் சிறு துளியொன்றைச் செப்புத் தகட்டின் மீது வீசி அறையும். துளி மெல்லிய ஏடாகப் பரவி நொடியின் மிகச் சிறு பகுதியில் உறைந்துவிடும். செம்பு, வெள்ளி முயற்சி வெற்றி பெற்றது.

பின்னர் அவரும் அவருடன் ஆய்ந்த கிளெமென்ட், வில்லன்ஸ் ஆகியோரும் தங்கமும் சிலிக்கனும் கலந்த கலவை ஒன்றை அதே முறையில் உறையச் செய்தனர். தங்கம் 1064 பாகை செல்சியசிலும் சிலிக்கன் 1414 பாகையிலும் உருகுபவை. தக்க விகிதத்தில் கலந்தால் அக்கலவை ஏறத்தாழ 363 பாகை வரை நீர்மமாகவே இருக்கும். உறையும் வெப்பநிலை இவ்வளவு தாழ்ந்திருப்பதால், அணுக்கள் இடம் தேடும் வேகமும் அங்கே தளர்ந்திருக்கும். உறைந்த ஏட்டை எக்ஸ் கதிரால் ஆய்ந்தபோது, படிகத்திற்குரிய கூரிய கோடுகள் தோன்றவில்லை. நீர்மத்திற்குரிய அகன்ற மங்கல் வளையமே தோன்றியது. 1960 செப்டம்பரில் நேச்சர் இதழில் வெளியான சிறிய அறிக்கை ஒன்று இதனை உலகுக்கு அறிவித்தது.

அந்தத் தங்கக் கண்ணாடி நிலையற்றது. அறை வெப்பநிலையில் ஒரு நாளுக்குள் அது மாறத் தொடங்கியது. ஆனால் திண்ம உலோகம் யாவும் படிகமே என்ற பாடநூல் வாக்கியம் அன்றே திருத்தம் வேண்டி நின்றது.

இரும்பின் முறை

காந்தத் தன்மைக்குப் படிக ஒழுங்கு இன்றியமையாததா என்ற வினா அக்காலத்தில் எழுந்தது. அதே 1960இல் சோவியத் இயற்பியலர் குபானோவ், படிக உருவற்ற பொருளிலும் இரும்புக்குரிய வலிய காந்தத் தன்மை அமையக்கூடும் எனக் கோட்பாட்டளவில் கூறினார். ஓர் அணுவின் காந்தம் தன்னை ஒட்டிய அணுக்களுடன் கொள்ளும் உறவால் வரிசைப்படுகிறது. தொலைவில் உள்ள அணுக்களின் அடுக்குமுறை அதற்குக் கட்டாயமன்று என்பது இதன் அடிப்படை. 1967இல் டூவேயும் லின்னும் இரும்பு, பாஸ்பரஸ், கரிமம் மூன்றும் சேர்ந்த கலவையை விரைந்து உறையச் செய்து, படிக உருவற்றும் வலிய காந்தத் தன்மையுடனும் விளங்கும் இரும்பைப் பெற்றனர். நம் கட்டுரைப்பொருளின் பிறப்பு அதுவே.

தூய இரும்பைக் கொண்டு இதனைச் செய்ய இயலாது. இம்முறையில் விரைந்து குளிர்வித்தாலும் அது படிகமாகிவிடும். ஆகவே ஏறத்தாழ 80 விழுக்காடு இரும்பு அணுக்களுடன் 20 விழுக்காடு அளவுக்குப் போரான், சிலிக்கன், கரிமம், பாஸ்பரஸ் போன்ற சிறிய அணுக்கள் சேர்க்கப்படுகின்றன. இவை இரண்டு பணிகளைச் செய்கின்றன. கலவையின் உருகுநிலையைத் தாழ்த்துகின்றன. இரும்பணுக்கள் சீராக அடுக்கமைவதற்குத் தடையாகவும் நிற்கின்றன.

அணுக்கள் அங்கே எவ்வாறு நிற்கின்றன என்பதை விளக்க ஓர் எளிய மாதிரி உதவியது. இங்கிலாந்தின் பெர்னல் என்னும் அறிஞர் நீர்மத்தின் அமைப்பை அறிய உருண்டைகளை ஒழுங்கின்றிக் குவித்து ஆராய்ந்தார். உருண்டைகளை முறையாக அடுக்கினால் இடத்தின் 74 விழுக்காட்டை அவை நிரப்பும்; கண்டபடி கொட்டிக் குலுக்கினால் ஏறத்தாழ 64 விழுக்காட்டை நிரப்பும். அவ்வாறு கொட்டிய குவியலில் உண்டாகும் துளைகளில் போரான் போன்ற சிறிய அணுக்கள் அமர்கின்றன என்ற விளக்கத்தை 1970களின் தொடக்கத்தில் டேவிட் போல்க் முன்வைத்தார். பின்வந்த ஆய்வுகள் இவ்விளக்கத்தைத் திருத்தி விரித்துள்ளன; எனினும் வகுப்பறையில் ஒரு கூடைக் கோலிகளைக் கொண்டு இதனை இன்றும் காட்டலாம்.

துளியிலிருந்து நாடா வரை

துளியை அறைந்து பெற்ற ஏட்டால் ஆய்வுக்கட்டுரை எழுதலாம். மின்மாற்றி செய்ய இயலாது. தொடர்ச்சியான நீண்ட நாடா வேண்டும். 1969இல் பாண்டும் மாடினும் சுழலும் உருளையின் உட்புறத்தில் உருகிய உலோகத்தைப் பாய்ச்சி நாடாவாக்கும் முறையைக் காட்டினர். அதன்பின் குளிர்ந்த செப்புச் சக்கரத்தின் வெளிவிளிம்பில் உருகிய உலோகத்தைப் பாய்ச்சும் முறை நிலைபெற்றது. சக்கரத்தைத் தொட்டவுடன் உலோகம் உறைந்து, மெல்லிய நாடாவாக உதறப்பட்டு வெளியேறும்.

இதனை வணிகப் பொருளாக்கியது அமெரிக்காவின் அல்லைடு கெமிக்கல் நிறுவனம். அங்கே பணியாற்றிய சென், போல்க் ஆகிய இருவரின் பெயரில் 1974இல் வழங்கப்பட்ட காப்புரிமை, இரும்பும் நிக்கலும் அடங்கிய பல கலவைகளை உள்ளடக்கியது. மெட்கிளாஸ் என்ற வணிகப்பெயர் உலகெங்கும் பரவியது. ஆனால் தொடக்க நாடாக்கள் மிகக் குறுகியவை. உலோகத்தாரை அகலமாக்கினால் அது சீராக நில்லாமல் கலைந்தது.

இத்தடையை நீக்கியது நரசிம்மன் என்னும் பொறியாளர் அதே நிறுவனத்தில் வகுத்த முறை. 1980இல் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. நீண்ட பிளவு கொண்ட வார்ப்புவாயைச் சக்கரத்தின் பரப்புக்கு மிக அருகில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் நிறுத்துவதே அம்முறை. அக்குறுகிய இடைவெளியில் உருகிய உலோகம் வாய்க்கும் சக்கரத்திற்கும் இடையே அடங்கி நிற்பதால் கலையாது. அகன்ற நாடா சீராக வெளிவரும். இன்று 200 மில்லிமீட்டரைக் கடந்த அகலத்தில் நாடா வார்க்கப்படுவது இம்முறையின் வழியேதான். ஒரு பொருளின் வரலாற்றில் கண்டுபிடித்தவர் பெயர் நிலைப்பதுபோல் செய்முறை வகுத்தவர் பெயர் நிலைப்பதில்லை. எனினும் வாய்க்கும் சக்கரத்திற்கும் இடையிலான அந்தச் சிறு இடைவெளியே ஆய்வுக்கூடத்தையும் ஆலையையும் இணைத்தது.

நாடா ஏறத்தாழ 25 மைக்ரோமீட்டர் தடிப்புடையது. அதனினும் மிகத் தடித்தால் உட்பகுதி போதிய விரைவில் குளிராது, படிகமாகிவிடும். மெல்லியதாக மட்டுமே வார்க்க முடியும் என்ற இக்குறை, மின்மாற்றிக்குப் பெருநன்மையாக அமைந்ததைப் பின்னர்க் காண்போம்.

பண்புகளும் அவற்றின் காரணங்களும்

முதலாவது காந்தப் பண்பு. படிகம் இல்லாததால் காந்தமாவதற்கு எளிய திசை, கடின திசை என்ற படிகவழி வேறுபாடு இல்லை. படிகமணிகள் இல்லாததால் மணிகளுக்கு இடையிலான எல்லைகளும் இல்லை. காந்தக் களங்களின் சுவர்கள் தடுக்கும் எல்லையின்றி எளிதாக நகர்கின்றன; காந்தத் தயக்க இழப்பு மிகக் குறைகிறது. நாற்பது ஆண்டுகளாக ஒழுங்கைக் கூட்டிக் கூட்டிப் பெற்ற பயனை, ஒழுங்கை முற்றும் நீக்கிய பொருள் விஞ்சியது. கடின திசையே இல்லாத இரும்பில் எளிய திசையைத் தேட வேண்டிய தேவை எழவில்லை.

இரண்டாவது மின்தடை. குழம்பிய அணுக்கூட்டத்தின் ஊடே எலக்ட்ரான்கள் செல்வது கடினம். மின்மாற்றிக்குரிய சிலிக்கன் எஃகின் மின்தடைத்திறன் 50 மைக்ரோ ஓம் சென்டிமீட்டரை ஒட்டியது. இரும்பு, போரான், சிலிக்கன் கலந்த கண்ணாடியில் அது ஏறத்தாழ 130. தடிப்பின் வேறுபாடும் இதனோடு சேர்கிறது. எஃகுத் தகடு 0.23 முதல் 0.30 மில்லிமீட்டர், கண்ணாடி நாடா அதில் பத்திலொரு பங்கு. சுழல் மின்னோட்ட இழப்பு தடிப்பின் இருமடிக்கு ஏற்ப உயர்வது. எனவே மெல்லிய நாடாவில் அது பெரிதும் அடங்கிவிடுகிறது.

மூன்றாவது வலிமை. படிக உலோகத்தில் அணு அடுக்குகளிலுள்ள பிறழ்வுகள் நகர்வதால் உலோகம் வளைகிறது, நீள்கிறது. கண்ணாடியில் அடுக்கே இல்லை. நகரப் பிறழ்வும் இல்லை. இரும்பு, போரான் கலந்த நாடாக்களின் வலிமை 3000 மெகாபாஸ்கலையும் கடக்கிறது. ஆனால் தாங்கும் எல்லையைக் கடந்ததும் விசை முழுவதும் மிகக் குறுகிய பட்டைகளில் குவிந்து, முன்னறிவிப்பின்றி முறிவு நேர்கிறது.

நான்காவது அரிப்பு எதிர்ப்பு. 1974இல் சப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் மசுமோட்டோ, ஹாஷிமோட்டோ, நாக்கா ஆகியோர், குரோமியமும் பாஸ்பரசும் கலந்த இரும்புக் கண்ணாடி துருவேறா எஃகைவிட அரிப்பைத் தாங்குவதைக் கண்டனர். மணி எல்லைகள் இல்லாததால் அரிப்பு தொடங்குவதற்கு வலுவற்ற இடம் கிடைப்பதில்லை. பாதுகாப்புப் படலமும் மேற்பரப்பில் விரைந்து உருவாகிறது.

குறைகளையும் உரைப்பது ஆசிரியர் கடமை. ஐந்தில் ஒரு பங்கு அணுக்கள் காந்தமற்றவை என்பதால் இப்பொருள் ஏற்கும் காந்தச் செறிவு குறைவு. சிலிக்கன் எஃகில் ஏறத்தாழ 2.03 டெஸ்லா, இதில் 1.56 டெஸ்லா. எனவே உள்ளகம் பெரிதாக வேண்டும். காந்தமாகும்போது நீளம் சிறிது மாறுவதால் மின்மாற்றி இரையும். வார்ப்பின்போது உட்புகுந்த தகைவை நீக்கச் சூடேற்றினால் நாடா எளிதில் நொறுங்கும் தன்மை பெறும். விக்கர்ஸ் அளவில் 900 வரை கடினமானது. வெட்டும் கருவிகளை விரைவில் தேய்த்துவிடும். 500 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பநிலையில் அணுக்கள் தாம் இழந்த ஒழுங்கைத் தேடிக்கொள்ளும். அப்போது அது கண்ணாடியாக இராது.

ஓயாத இழப்பு

இப்பொருளுக்கு உலகம் இடம் கொடுத்தது 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னரே. எரிபொருள் விலை உயர்ந்ததும் மின்னாற்றல் எங்கெங்கே வீணாகிறது என நாடுகள் கணக்கிடத் தொடங்கின. அக்கணக்கில் மின்மாற்றி தனி இடம் பெற்றது. நம் குடியிருப்புகளின் அருகே நிற்கும் மின்மாற்றி இரவும் பகலும் மின்னிணைப்பில் இருக்கிறது. வீடுகள் உறங்கும் நேரத்திலும், எவரும் மின்சாரத்தைப் பயன்படுத்தாதபோதும், அதன் உள்ளகம் நொடிக்கு 50 முறை காந்தச் சுழற்சியை முடித்துக்கொண்டேயிருக்கிறது. சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளக இழப்பு நிற்பதில்லை.

ஒரு கணக்கை வகுப்பறைக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு மின்மாற்றியின் உள்ளக இழப்பு 100 வாட் எனக் கொள்வோம். அஃது ஒரு பழைய மின்விளக்கின் அளவே. ஓர் ஆண்டில் 8760 மணி நேரம். ஆகவே ஆண்டுக்கு 876 கிலோவாட் மணி வீணாகிறது. மின்மாற்றி 30 ஆண்டு உழைத்தால் 26,280 கிலோவாட் மணி. படிக உருவற்ற உள்ளகம் இவ்விழப்பில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காட்டைக் குறைக்கிறது. இழப்பு 100 வாட்டிலிருந்து 30 வாட்டாகத் தணிந்தால், 30 ஆண்டுகளில் 18,396 கிலோவாட் மணி மிஞ்சும். இஃது ஒரேயொரு மின்மாற்றியின் கணக்கு. ஒரு நாட்டில் எத்தனை மின்மாற்றிகள் நிற்கின்றன என்பதை மாணவர் எண்ணிப் பார்த்தால், சிறிய இழப்பின் பெருமை விளங்கும்.

1980களில் அமெரிக்க மின்னாலைகளில் இவ்வகை மின்மாற்றிகள் சோதனை முறையில் நிறுவப்பட்டன. பொருள் தன் திறனை மெய்ப்பித்தது. ஆயினும் எஃகு உள்ளகம் உடனே மறையவில்லை. காரணம் பொருளின் இயல்பில் மட்டும் இல்லை. கணக்கெழுதும் முறையிலும் இருந்தது. படிக உருவற்ற உள்ளகம் கொண்ட மின்மாற்றியின் கொள்முதல் விலை கூடுதல். வாழ்நாள் இழப்பு குறைவு. மின்மாற்றியை விலைக்கு வாங்குவோரும் இழப்பின் செலவை நாள்தோறும் சுமப்போரும் வேறு வேறாக இருக்கும் இடத்தில், கொள்முதல் விலை குறைந்ததே தேர்ந்தெடுக்கப்படுகிறது. முப்பது ஆண்டுச் செலவையும் சேர்த்துக் கணக்கிடும் இடத்தில் முடிவு மாறுகிறது. சப்பான், சீனா, இந்தியா ஆகிய ஆசிய நாடுகளில் இவ்வகை உள்ளகம் பரந்த இடம் பெற்றதை இப்பின்னணியில் நோக்க வேண்டும்.

நிறுவனமும் கைமாறியது. மெட்கிளாஸ் தொழில் 2003இல் சப்பானின் ஹிட்டாச்சி மெட்டல்ஸ் வசம் சென்றது. அந்நிறுவனம் 2023இல் புரோட்டீரியல் எனப் பெயர் மாற்றிக்கொண்டது.

அவ்வாண்டில் அமெரிக்க எரிசக்தித் துறை முன்வைத்த வரைவு விதி, அந்நாட்டில் புதிதாகச் செய்யப்படும் பகிர்மான மின்மாற்றிகளில் மிகப் பெரும்பாலானவற்றைப் படிக உருவற்ற உள்ளகத்திற்கு மாற்றியிருக்கும். எதிர்ப்பு எழுந்தது. மின்மாற்றிகளுக்கு ஏற்கெனவே தட்டுப்பாடு நிலவியது. மின்மாற்றிக்குரிய எஃகை உருட்டும் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் வேலைக்கு அஞ்சினர். 2024 ஏப்ரலில் வெளியான இறுதி விதி தளர்த்தப்பட்டது. சந்தையின் ஏறத்தாழ முக்கால் பங்கு எஃகு உள்ளகத்தையே தொடர்ந்து பயன்படுத்த இடமளிக்கப்பட்டது. ஒரு பொருள் சிறந்தது என்று மெய்ப்பிப்பது ஆய்வுக்கூடத்தின் வேலை. அதனைச் சமுதாயம் எப்போது, யாருடைய செலவில், எவர் பிழைப்பைக் காத்து ஏற்பது என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தேடுவதில் அறிவியலுடன் அரசியலும் பொருளியலும் பங்கு கொள்கின்றன.

குறைகளிலிருந்து பிறந்தவை

படிகமாதல் இப்பொருளின் அழிவு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1988இல் ஹிட்டாச்சி மெட்டல்ஸ் நிறுவனத்தின் யோஷிசாவாவும் உடன் ஆய்ந்தோரும் அவ்வழிவையே பயனாக மாற்றினர். இரும்பு, சிலிக்கன், போரான் கலவையில் ஒரு விழுக்காடு செம்பும் மூன்று விழுக்காடு நையோபியமும் சேர்த்தனர். நாடாவைக் கண்ணாடியாக வார்த்து, பின்னர் 550 பாகையை ஒட்டிய வெப்பநிலையில் சூடேற்றினர். செம்பு படிகங்கள் முளைக்க எண்ணற்ற இடங்களை அமைத்தது. நையோபியம் அவை வளராமல் தடுத்தது. ஏறத்தாழ 10 நானோமீட்டர் அளவேயுள்ள படிகமணிகள் நிறைந்த இரும்பு கிடைத்தது. மணிகள் அவ்வளவு சிறியவையாதலால் அவற்றின் திசை வேறுபாடுகள் ஒன்றையொன்று ஈடு செய்து அடங்கின. ஃபைன்மெட் எனப்படும் இப்பொருள் உயர் அதிர்வெண் கருவிகளில் இடம்பெற்றது.

மெல்லிய நாடாவாக மட்டுமே கிடைக்கும் என்ற எல்லையும் நகர்ந்தது. 1995இல் தோஹோக்கு பல்கலைக்கழகத்தின் இனோவேயும் உடன் ஆய்ந்தோரும் பல தனிமங்களைக் கலந்து, மெதுவாகக் குளிர்ந்தாலும் கண்ணாடியாகும் இரும்புக் கலவையை உருவாக்கினர். 2004இல் அமெரிக்காவில் இரு குழுக்கள் ஒரு சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட தடிப்புள்ள இரும்புக் கண்ணாடித் தண்டுகளை வார்த்தன. ஒன்று ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடக் குழு. மற்றொன்று வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு. பின்னதன் ஆய்வுக்கட்டுரையில் முதலாவதாக நிற்கும் பெயர் பொன்னம்பலம் என்பதைத் தமிழ் மாணவர்கள் அறிந்து வைக்கலாம். இட்ரியம் போன்ற அரிய தனிமங்களைச் சிறிதளவு சேர்ப்பது படிகமாதலைத் தாமதப்படுத்தும் என அக்குழுக்கள் காட்டின. எனினும் நொறுங்கும் இயல்பு இன்னும் முழுமையாக வெல்லப்படவில்லை. பாலமோ கப்பலோ கட்டும் பொருளாக இரும்புக் கண்ணாடி இன்று இல்லை.

அன்றாட வாழ்வில் இப்பொருளின் உறவொன்றை நாம் அறியாமலேயே தொட்டிருக்கிறோம். கடைகளில் திருட்டைத் தடுக்கப் பொருள்களில் ஒட்டப்படும் வெண்ணிறப் பிளாஸ்டிக் பட்டைகளுள் ஒருவகையில், இரும்பும் நிக்கலும் அடங்கிய படிக உருவற்ற நாடாத் துண்டு இருக்கிறது. வாயிற்கம்பங்கள் எழுப்பும் காந்தப் புலத்தில் அது நொடிக்கு 58,000 முறை அதிரும். புலம் நின்ற பின்னும் சிறிது நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். அவ்வதிர்வைக் கருவி கண்டுகொள்கிறது. காந்தமாகும்போது நீளம் மாறும் பண்பு மின்மாற்றியில் இரைச்சலாகிய குறை; இங்கே அதுவே காவலுக்கு உதவுகிறது.

வகுப்பறைக்கு

இவ்வரலாற்றை நாம் எடுத்துரைப்பதன் நோக்கம், மாணவர் ஒரு பொருளின் பெயரையும் எண்களையும் மனப்பாடம் செய்வதன்று. 1960 முதல் இன்று வரையிலான இந்த அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட முயற்சியில் மூன்று செய்திகள் தெளிவாக நிற்கின்றன. பாடநூலின் உறுதியான வாக்கியமும் ஒரு சிறு துளியின் முன் திருத்தம் பெறக்கூடும். கண்டுபிடிப்புக்கும் பயனுக்கும் இடையே செய்முறை என்னும் நீண்ட பாதை உள்ளது. அதில் நடப்போரின் உழைப்பும் அறிவியலே. இறுதியாக, நாட்டின் ஆற்றல் வீணாவது பெருங்குற்றங்களால் மட்டும் அன்று. எவரும் காணாத இடத்தில், எந்நேரமும் நிகழும் சிறிய இழப்புகளாலும் ஆகிறது.

படிக உருவற்ற என்ற தொடர் நீளமானது என்பாரும், கண்ணாடி என்ற சொல் மயக்கம் தரும் என்பாரும் நம்மிடையே உள்ளனர். இரண்டு கருத்திலும் உண்மை உண்டு. ஆயினும் படிகம் எது, கண்ணாடி எது என்ற தெளிவோடு இச்சொற்களைத் தொடர்ந்து வகுப்பில் வழங்கினால் அவை தம் பொருளில் நிலைபெறும். தம் வீட்டருகே நிற்கும் மின்மாற்றியின் மெல்லிய இரைச்சலைக் கேட்கும் மாணவர், அதனுள் இரும்பு நொடிதோறும் என்ன செய்கிறது, அதன் செலவை யார் ஏற்கிறார் என்பதைத் தமிழிலேயே வினவவும் தமிழிலேயே விடை சொல்லவும் வல்லவராக வேண்டும். அதற்குரிய சொற்களை அவர்களிடம் சேர்ப்பது ஆசிரியர்களாகிய நம் பணி.